பினிஷிங் இல்லாத பலகை

யாருக்காவது நல்லது செய்ய வேண்டும் என்று தோன்றினால், தயவுசெய்து அவர்கள் கேட்டதை மட்டும் செய்யுங்கள். கேட்காததைச் செய்கிறவர்களால்தான் இந்த உலகத்தில் பாதித் தலைவலி. மீதிப் பாதி, கேட்டதைச் செய்யாதவர்களால். அவளுடைய கணவர் இரண்டு கட்சியிலும் ஆயுள் உறுப்பினர்.

அவர் மரவேலைக்காரர். பட்டறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'பினிஷிங்' என்றுதான் கூப்பிடுவார்கள். மேசை செய்தால் அதன் அடிப்பக்கத்தைக்கூட, ஒருவன் தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தாலொழியத் தெரியாத இடத்தைக்கூட, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்து, மறுபடியும் தேய்த்து, வார்னிஷ் அடித்த பிறகுதான் வாசலைத் தாண்ட விடுவார். ஊரில் யார் வீட்டு அலமாரியைத் திறந்தாலும் வெண்ணெயில் கத்தி போனமாதிரி திறக்கும். மூடினால் மூடியது தெரியாது.

அவர் சொந்த வீட்டுக் கதை வேறு. மூன்றாவது மாடிக்குக் குடிவந்த வாரம், ஏதோ இயந்திரம் வந்து இறங்கிய பெட்டியைப் பிரித்து, அதில் ஒரு பலகையை எடுத்துப் படுக்கையறைச் சுவரில் இரண்டு இரும்புக் கோணங்களின் மேல் வைத்து ஆணி அடித்தார். துணி வைக்கத் தட்டு. "தற்காலிகமா இருக்கட்டும்மா, அப்புறம் நல்லதா ஒண்ணு பண்ணிடலாம்" என்றார். அதற்குப் பிறகு மகள் பிறந்து, வளர்ந்து, படிக்க வெளியூருக்கே போய்விட்டாள். அந்த 'அப்புறம்' மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. பலகை முழுக்கச் சிராய். எந்தத் துணியை இழுத்தாலும் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் விடும். அவள் அதன் மேல் செய்தித்தாளை விரித்து, செய்தித்தாள் கிழிந்ததும் இன்னொன்றை விரித்து, காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வேலை எரிவாயு நிறுவனத்தின் தொலைபேசிப் பிரிவில். புகார் கேட்கிற வேலை. சிலிண்டர் வரவில்லை, வந்த சிலிண்டர் கசிகிறது, கொண்டுவந்தவன் முறைத்தான். காலையில் ஹெட்போனைக் காதில் மாட்டினால் சாயங்காலம் கழற்றும்வரை ஊர் அடுப்பெல்லாம் அவள் தலையில்தான் எரியும். "மன்னிக்கணும்" என்று சொல்லிச் சொல்லி, ஒருநாள் வீட்டில் கால் இடித்துக்கொண்டபோது கதவிடம் "மன்னிக்கணும்" என்றாள். அன்றைக்குத்தான் இந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று முடிவெடுத்தாள்.

போக வேண்டிய இடமும் தெரிந்திருந்தது. காட்டோரம் ஒரு முகாம். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து கூடாரம் போடவும், தண்ணீர் வடிகட்டவும், தீப்பெட்டி இல்லாமல் நெருப்பு உண்டாக்கவும் சொல்லிக்கொடுப்பார்கள். ஒருமுறை அலுவலகச் சுற்றுலாவில் போனபோது அங்கே ஒரு பயிற்றுநர் வில்லால் கோலைச் சுழற்றி நெருப்பு எடுத்ததைப் பார்த்தாள். அடுப்பைப் பற்றி அத்தனை காலம் பேசிய பெண் நெருப்பு பிறப்பதை முதல்முறையாகப் பார்த்தாள். அழுகை வந்துவிட்டது. அங்கே ஓர் இடம் காலி. வயது வரம்பு உண்டு, இந்த வருஷம் விட்டால் அவளுக்குக் கதவு சாத்திவிடும். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். மிச்சம் செய்முறை: சொந்தமாகப் பொருள் தேடி, சொந்தமாகச் செய்த கருவியால் நெருப்பு எடுத்துக் காட்ட வேண்டும். எந்தப் பொருளை ஏன் எடுத்தாய் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்பார்கள்.

வேலை கிடைத்தால் வாரத்தில் ஐந்து நாள் முகாமிலேயே தங்க வேண்டும். அதைக் கணவரிடம் சொன்னபோது அவர் ஒரு நாற்காலிக் காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உன் இஷ்டம்" என்றார்.

இதுதான் அவருடைய பதில். எதற்கும் இதுதான் பதில். மகளுக்கு எந்தப் பள்ளி, உன் இஷ்டம். சுவருக்கு என்ன வண்ணம், உன் இஷ்டம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஓர் உரசல் கிடையாது. அக்கம்பக்கத்தில் "குடுத்து வச்சவம்மா நீ" என்பார்கள். வழுக்குப் பாறையில் ஏறிப் பார்த்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இரண்டாவது மாடியில் நாத்தனார். கணவரின் அக்கா. அவளிடம் விஷயத்தைச் சொன்னதுதான் அவள் செய்த முதல் தப்பு.

"தீக்கடைகோல் செய்யப்போறேன் அண்ணி" என்றாள்.

நாத்தனார் காதில் அது டீக்கடை என்று விழுந்தது. மறுநாள் எதிர்வீட்டுத் தையல்காரர் மாடிப்படியில் நிறுத்தி, "எப்போ திறப்பு? பெஞ்சு வேணுமா? என்கிட்ட ரெண்டு கிடக்கு" என்றார். மருந்துக்கடைக்காரர், பால் எங்கே வாங்கப்போகிறாய் என்று கேட்டார். "டீக்கடை இல்லைங்க, தீ, கடையறது" என்று அவள் கைகளால் கடைந்து காட்ட, "ஓ, மோரும் உண்டா?" என்றார். அவள் வாயை மூடிக்கொண்டு மேலே வந்துவிட்டாள்.

பினிஷிங் மட்டும் விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டார். அதுதான் வினையாகப் போயிற்று. மறுநாளே கறுப்பாக, இரும்பு மாதிரி கனக்கிற இரண்டு துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். "கருங்காலி. இதுக்கு மேல மரமே கிடையாது."

வெளி மாடத்தில் உட்கார்ந்து வில்லை இழு இழு என்று இழுத்தாள். கோல் கிறீச்சிட்டது. கீழே நாய் குரைத்தது. கோலின் முனையும் பலகையின் குழியும் ஒன்றையொன்று தேய்த்து மெருகேற்றிக்கொண்டு கண்ணாடி மாதிரி பளபளத்தன. புகை என்று பெயருக்குக்கூட இல்லை.

"பாத்தியா, என்ன ஷைனிங்!" என்றார் அவர்.

"எனக்கு ஷைனிங் வேணாங்க, நெருப்பு வேணும்."

"நல்ல மரத்துல வராதது வேற எதுல வரும்?"

அவருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? நெருப்புக்கு நல்ல மரம் ஆகாது. மிருதுவான, இலேசான, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிற மரம் வேண்டும். தேய்ந்து பொடியாக உதிர வேண்டும், அந்தப் பொடி கறுத்துச் சூடேறித்தான் கங்கு ஆகும். பிசின் இருக்கக் கூடாது, ஈரம் இருக்கக் கூடாது. பட்டறையில் விறகுக்குக்கூட ஆகாது என்று தள்ளுவார்களே, அந்த ஜாதி மரம். இதைச் சொன்னதும் அவர் முகம், சாப்பாட்டில் கல் கடித்த மாதிரி ஆனது.

கயிற்றுக்கும் அதே பாடு. நைலான் கயிறு வழுக்கியது. நூல்கயிறு அறுந்து அவள் முழங்கையில் சுண்டியது. கடைசியில் மகள் விட்டுச்சென்ற விளையாட்டு ஷூவின் நாடாதான் கோலை இறுக்கிப் பிடித்தது. வில்லுக்கு, காற்றில் முறிந்து தெருவில் விழுந்த கிளையில் இலேசாக வளைந்த ஒன்று. அடிப்பலகைக்கும் கோலுக்கும் பூங்கா முழுக்கப் பட்டுப்போன கிளைகளை நகத்தால் அழுத்திக்கொண்டே திரிந்தாள். காவலாளி இரண்டு நாள் அவளைச் சந்தேகமாகப் பின்தொடர்ந்தார். கிடைத்ததைப் பிளந்து மாடச் சுவரில் வெயிலில் காயவைத்தாள். மழை வந்தால் வேலையிலிருந்து போன் போட்டு நாத்தனாரை எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். நாத்தனார் எடுத்து வைப்பாள், குளியலறையில்.

ஆனாலும் புகை வந்தது. தினமும் கொஞ்சம் கூடுதலாக வந்தது. கீழ் மாடத்திலிருந்து நாத்தனார் கழுத்தை நீட்டி, "நெருப்பில்லாம புகையாதுன்னு சொல்வாங்க. உன்கிட்ட புகை மட்டும்தான் வருது" என்று கத்தினாள். அவள் சொல்லி முடித்த அந்த வாரத்திலேயே கங்கும் வந்தது. குழியின் ஓரத்தில் வெட்டிவிட்ட பிளவு வழியாகக் கறுப்புப் பொடி கொட்டி, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி கண் திறந்தது. காய்ந்த தேங்காய் நாரில் கொட்டி ஊதினாள், பற்றியது. அவள் பக்கெட் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தாள்.

ஒன்றே ஒன்று பாக்கி. கோலின் தலையை அமுக்கிப் பிடிக்கிற கைக்கட்டை. அதுவரை ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டால் ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். கருவியிலேயே அது ஒன்றுதான் கடினமாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். மேலே வழுக்க வேண்டும், கீழே உரச வேண்டும், அதுதான் கணக்கு. அதை மட்டும் வேறொருவர் செய்து தரலாம், யார் என்று சொல்லிவிட்டால் போதும் என்று விதியும் இருந்தது. தேர்வுக்கு முந்தின நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, போனால் போகிறது, அவருக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்று நினைத்து, கருவி இருந்த பையை அவரிடமே கொடுத்தாள். அதுதான் அவள் செய்த இரண்டாவது தப்பு.

"உங்க கருங்காலித் துண்டுல இந்தக் கைக்கட்டைக்கு மட்டும் ஒரு குழி எடுத்து, வழவழன்னு பண்ணிக் குடுங்க. கோல் அளவுக்கு வேணுமேன்னுதான் மத்ததைத் தர்றேன்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவளுக்கே மனசு இளகியது. சாயங்காலம் கேட்டபோது, "காய்ஞ்சிட்டிருக்கு, காலையில தரேன்" என்றார். மரம் எதற்குக் காய வேண்டும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசை மேல் ஒரு புது வெள்ளைத் துணி மூட்டை. அவர் பக்கத்தில், பரிசு கொடுக்க வந்த ஆள் மாதிரி நின்றார்.

"பிரிச்சுப் பாரேன்."

பிரித்தாள். கோல் உருண்டு திரண்டு, இரண்டு முனையும் முத்து மாதிரி மழுங்கி, பளபளத்தது. பலகை அதற்கு மேல் பளபளத்தது. எண்ணெய் வாசனை மூக்கைத் துளைத்தது. குழியைக் காணோம். ஓரத்துப் பிளவைக் காணோம். இரண்டையும் மரத்தூளும் பசையும் குழைத்த மக்கு வைத்து அடைத்திருந்தார். மக்கு! அவளுக்கு வேறு சொல்லே வரவில்லை.

"ரெண்டு தடவை எண்ணெய் ஊட்டினேன், நல்லா குடிச்சிருச்சு" என்றார் அவர். "நடுவுல கருகியிருந்தது, சரி பண்ணிட்டேன். ஓரத்துல வேற உடைஞ்சிருந்தது, அதையும் அடைச்சிட்டேன். இப்ப பாரு, பினிஷிங்!"

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

"அது உடைஞ்சது இல்லைங்க. நான் வெட்டினது. அது வழியாத்தாங்க பொடி விழணும். கருகினதுதாங்க குழி." கோபம் தலைக்கேறியும் அந்த 'ங்க' மட்டும் போகமாட்டேன் என்றது. "எண்ணெயைக் குடிச்ச மரம் இனி எந்த ஜென்மத்துலங்க பத்தும்? நான் கேட்டது என்ன, கைக்கட்டைங்க! ஒரே ஒரு குழிங்க!"

"சொல்லியிருந்தா..."

"சொன்னேன்! 'மட்டும்'னு சொன்னேன்!" அவளுக்குள் வேறொன்று பொறி தட்டியது. "வேணும்னே செஞ்சீங்க. நான் போகக்கூடாதுன்னு செஞ்சீங்க. வாய்விட்டுச் சொல்லத் துப்பில்லாம உப்புத்தாளை வச்சுச் சொல்றீங்க. கருங்காலி!"

அவர் குழம்பிப் போனார். "கருங்காலி கைக்கட்டைக்கு மட்டும்தாம்மா போட்டேன். மத்ததெல்லாம் உன் மரம்தான்."

சிரிப்பதா சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. "உங்களைத்தாங்க சொன்னேன்! போகட்டுமான்னு கேட்டேன். உன் இஷ்டம்னீங்க. எதைக் கேட்டாலும் உன் இஷ்டம், உன் இஷ்டம். உங்க இஷ்டம் என்னன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியுமா? உங்களோட சண்டை போடக்கூட ஒரு பிடி கிடையாது எனக்கு!"

"பிடிக்கல!" என்றார் அவர்.

அவள் நாற்காலியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"நீ போறது எனக்குப் பிடிக்கல. போதுமா? வாரம் அஞ்சு நாள் இந்த வீட்டுல நான் யாரைப் பாத்துட்டு உக்காந்திருக்கிறது? நாற்காலியையா?" அந்தக் குரலில் அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. கீழே நாத்தனார் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தாள். "ஆனா வேணும்னு செய்யலை. வேணும்னு செய்யறதா இருந்தா அடுப்புல போட்டிருப்பேன், ஒரு நிமிஷ வேலை. நாலு பேர் முன்னாடி நீ எடுத்து வைக்கும்போது, இவ வீட்டுக்காரன் மரவேலைக்காரனாம், லட்சணத்தைப் பாருன்னு எவனும் சொல்லிடக்கூடாதுன்னு பாத்துப் பாத்துச் செஞ்சேன். தப்பாப் போச்சு. போ!"

"ஆமா, ஊருக்கெல்லாம் பாத்துப் பாத்துச் செய்வீங்க!" அவளும் விடவில்லை. "கட்டினவளுக்குத் துணி வைக்க ஒரு தட்டு செஞ்சீங்களா? இன்னைக்கு வரைக்கும் அதே பெட்டிப் பலகை. ஒரு இழைப்பு இழைக்கல, ஒரு சொட்டு எண்ணெய் காட்டல, சும்மா காய்ஞ்சு கெடக்குது, சிராயும் அதுவுமா..."

பாதியில் வாய் நின்றது. அவரும் அவளைப் பார்த்தார். இருவரும் ஒன்றாகப் படுக்கையறைக்குள் நுழைந்தார்கள், கதவில் இடித்துக்கொண்டார்கள்.

அவள் துணிகளை வாரிக் கட்டிலில் கொட்டினாள். செய்தித்தாளைக் கிழித்தாள். பலகையில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினாள். பள்ளம் விழுந்தது. இலேசான மரம், பிசின் வாசனை துளியும் இல்லை, வருஷக்கணக்காக உள்சுவரில் கிடந்து எலும்பாகக் காய்ந்திருந்தது. பூங்கா பூங்காவாக அவள் தேடியது, தினமும் அவள் தலைக்கு மேலே இருந்து அவளுடைய துணியைக் கிழித்துக்கொண்டிருந்தது.

அவர் கடப்பாரையால் நெம்பி எடுத்தார். ரம்பத்தைக் கொண்டுவந்தார். அப்படியே இழைப்புளியையும் கையில் எடுத்தார்.

"தொடாதீங்க!"

"ஓரம் மட்டும்..."

"கையைக் கட்டிட்டு உக்காருங்க."

உட்கார்ந்தார், நிஜமாகவே கையைக் கட்டிக்கொண்டு. அவள் அறுத்தாள். ரம்பம் கோணிக்கொண்டு போனது. ஒவ்வொரு கோணலுக்கும் அவர் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. அதே பலகையில் ஒரு கீற்றைப் பிளந்து கோலுக்குச் சீவிக்கொண்டாள். உருண்டை என்று சொன்னால் உருண்டைக்கே கோபம் வரும். கருங்காலிக் கைக்கட்டையைப் பையில் போட்டாள். அது மட்டும் அப்பழுக்கில்லாமல் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. படியிறங்கி ஓடினாள்.

முகாமின் தலைமைப் பயிற்றுநர் ஓர் அம்மாள், குட்டை முடி, முழங்கால்வரை பூட்ஸ். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வில் ஏன் இது, நாடா ஏன் இது. கைக்கட்டையின் குழியில் விரலை விட்டு, "இது அருமையா இருக்கே" என்றார்.

"வீட்டுக்காரர் செஞ்சது. அந்த மரமும் அவர்து. மத்ததெல்லாம் நான்" என்றாள். அம்மாள் அதைக் குறித்துக்கொண்டு, கோணல் பலகையை எடுத்தார்.

"இந்தப் பலகை எங்கே எடுத்தீங்க?"

"என் துணித்தட்டுங்க. பெட்டிப் பலகை. நகம் பதியுது, பிசின் இல்லை, மேலே எதுவும் பூசலை."

"எவ்வளவு நாள் காயவச்சீங்க?"

"குடிவந்த வாரத்துலேர்ந்துங்க" என்றாள் அவள். பயிற்றுநர் நிமிர்ந்து பார்த்தார், மேலே கேட்கவில்லை.

புதுக் குழியை அங்கேயே சுட்டு, ஓரத்தில் பிளவு வெட்டிக்கொண்டாள். முதல் தடவை கோல் தெறித்துப் பறந்தது. பக்கத்தில் ஓர் இளைஞனின் பலகையிலிருந்து ஏற்கெனவே புகை வந்துகொண்டிருந்தது. மறுபடி கோலை நாடாவில் மாட்டி, இடது காலால் பலகையை மிதித்து, கைக்கட்டையை அமுக்கினாள். மேலே வழுக்கிக்கொண்டு சுழன்றது, கீழே கரகரவென்று உரசியது. இழுக்க இழுக்கக் காலைச் சண்டை முழுக்க மறுபடி காதில் ஓடியது. பிடிக்கல, பிடிக்கல. கை ஓயவில்லை. பொடி உதிர்ந்தது, பழுப்பாக, பிறகு கறுப்பாக. வில்லை நிறுத்திய பிறகும் புகை நிற்கவில்லை. பிளவின் அடியில் கங்கு பிறந்திருந்தது.

இருட்டும் முன் வீடு திரும்பினாள். அவர் கட்டிலில், மடித்த துணி அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். சுவரில் இரண்டு இரும்புக் கோணங்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"வந்துச்சா?"

"வந்துச்சு. அடுத்த மாசம் சேரணும்."

அவர் வாயைத் திறந்தார். உன் இஷ்டம் என்று வரப்போகிறது என்று அவள் காத்திருந்தாள்.

"எனக்குப் பிடிக்கலதான்" என்றார்.

"தெரியும். ஆனாலும் போவேன்."

"போவேன்னா? சனி ஞாயிறு எத்தனை மணிக்கு வருவே? அதைச் சொல்லு முதல்ல."

அவள் பையைக் கீழே வைத்து, எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் இருவரும் சண்டை போட்டார்கள். கீழே நாத்தனார் இடித்து இடித்து ஓய்ந்துபோனாள். நடுவில் அவர் கை தன் போக்கில் பையிலிருந்த கரிந்த பலகையை எடுத்து, ஓரத்தை விரலால் தடவியது. இன்னொரு கை சட்டைப்பையில் உப்புத்தாளைத் தேடியது. அவள் பேச்சை நிறுத்திப் பார்த்தாள். அவர் பலகையை அப்படியே கீழே வைத்தார்.

அவர் விரலில் ஏறியிருந்த சிராயை அவள்தான் ஊசியால் எடுத்துவிட்டாள், திட்டிக்கொண்டே.